உளுந்து பரப்பிய சாலை

ஏப்ரல் 4, சனி

விடியும் முன்பே புழுக்கம். தஞ்சாவூரிலிருந்து தனியாகக் காரில் கிளம்பினேன். பின் இருக்கையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு. பிரிக்கப் போவதில்லை என்று தெரிந்தே எடுத்துவந்தது.

எடுத்து வைத்தவை: பருத்திப் புடவைகள், பிரஷர் மாத்திரை, குடை, சேகரின் கைக்கடிகாரம் (குமார் கேட்டிருந்தார்). மறந்தது: போன் சார்ஜர்.

புதன்கிழமை சேகருக்கு வருஷ திதி. கீழ்வேளூருக்குப் பக்கத்தில், கொழுந்தனார் குமார் வீட்டில். எங்களுக்கு மகன் இல்லாததால் தம்பி செய்கிறார். மகள் கனடாவில், வர முடியாது. திதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேகருக்கும் கிடையாது. ஆனால் குமாருக்கு வேண்டியிருக்கிறது. அண்ணனை ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் அவர்தான்.

நடந்ததை ஒருமுறை கோவையாக எழுதிவிடுகிறேன். ஒரு வருடமாக எழுதவே இல்லை.

போன பங்குனியில் சேகர் தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். மதியம் மோட்டார் சைக்கிளில் கீழ்வேளூர் போகிற கிளைச் சாலையில், பரப்பியிருந்த உளுந்துச் செடியில் சக்கரம் சறுக்கியது. மதகுச் சுவரில் தலை. அறுத்த உளுந்தைச் செடியோடு தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து மணி உதிரும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வது. யாரோ ஒரு பெண் போன் செய்து ஆம்புலன்ஸ் வந்தது. அது வந்தபோது சாலையில் உளுந்து இல்லை, பெருக்கிக் கிடந்தது; வண்டிச் சக்கரத்தில் சுற்றிய செடி மட்டும் மிச்சம். மனிதர்களும் இல்லை. நாகப்பட்டினம் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் வகுப்பில்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அவருடைய வண்டி சாலையோரத்தில் ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. விழுந்த வண்டி தானாக எழுந்து ஓரத்தில் போய் நிற்காது. தடயத்தை அழித்துவிட்டார்கள் என்பது குமாரின் கட்சி. இருக்கலாம். நான் கேட்பது வேறு. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் யாராவது இருந்தார்களா, அல்லது வெயிலில் தனியாகக் கிடந்தாரா. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: தெரியாது.

கல்லூரியில் வருடா வருடம் நான் நடத்தும் உராய்வுப் பாடத்தை இந்த முறை சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

திருவாரூர் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. பூக்காரம்மா ஜன்னலில் தட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நெற்றியில் பொட்டு இருக்கிறது, அவர் எப்படி அறிவார். கேட் திறந்து வண்டிகள் நகரும்போது மிச்சமிருந்த மல்லிகையை மடியில் போட்டார். "கடைசி மொழம்மா. வெயில்ல வாடிரும். காசெல்லாம் வேணாம், போங்க போங்க." பின்னால் ஹாரன். திருப்பிக் கொடுக்க நேரமில்லை.

வீடு வந்ததும் குமாரின் மனைவி லதா காருக்குள் பூவைப் பார்த்தாள். எடுத்துப் போய் சேகர் படத்தில் சார்த்தினாள்.

இன்று வழியில் கிடைத்தது: ஒரு முழம் பூ. காரணம்: வாடிவிடும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காற்றே இல்லை. வாய்க்கால்கள் வறண்டு பாளம் பாளமாக. ஆனால் வயல்களில் பச்சை இன்னும் மிச்சம். பிந்தி விதைத்த பயறு.

குமார் போஸ்டர் அடித்திருக்கிறார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. யாரோ கல்யாணத்தில் எடுத்த படம், சேகர் கோட்டு போட்ட ஒரே படம். கீழே வருந்துவோர் பெயர்கள், முதலில் நான், "பேராசிரியை, தஞ்சாவூர்" என்று. கடைத்தெருவில் ஒட்டியது போக, மதகு ஓரத்துப் பூவரச மரத்திலும் ஒன்று கட்டியிருக்கிறார்.

"அங்க எதுக்கு குமார்?"

"அவங்க தினம் பாக்கட்டும் அண்ணி."

அவங்க என்றால், மதகுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள். இன்னொன்றும் சொன்னார். வக்கீலைப் பார்த்திருக்கிறாராம். "யாரோ பரப்புனாங்கன்னா கேஸ் நிக்காதாம். ஒரே ஒரு பேரு வேணும்ங்குறாரு. நானும் ஒரு வருஷமா நடக்குறேன், அந்தத் தெருவே வாய் தொறக்க மாட்டேங்குது. நீங்க பொம்பள, படிச்சவங்க. உங்ககிட்ட சொன்னாலும் சொல்லுவாங்க. சும்மா அந்தப் பக்கம் போயிப் பேச்சுக் குடுங்க அண்ணி."

சரி என்றேன். கண் சிவந்திருந்தது அவருக்கு. அண்ணன் தம்பிக்குள் ஒரு நாள் போன் பேசாமல் இருந்ததில்லை.

லதா அடுப்படியில், தணிந்த குரலில்: "பேரு கெடச்சா என்னக்கா ஆவும்? மாமா வந்துருவாங்களா? இவரு ராத்திரில தூங்குறதில்ல. அதுக்காகவாவது ஏதாச்சும் முடியட்டும்."

பிறகு சேகரின் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குச் சொல்லிவிட்டு வரக் கிளம்பினேன். நேரில் போய்ச் சொல்ல வேண்டுமாம். போனில் சார்ஜ் இல்லாமல் பாதி வழியில் வழி தவறியது. டிவிஎஸ்ஸில் போன ஒருவரை நிறுத்திக் கேட்டேன். மூன்று தரம் ஆரம்பித்து மூன்று தரமும் குழம்பினார். "எனக்கு சொல்லத் தெரியலைங்க. பின்னாலயே வாங்க." புல்லுக்கட்டோடு முன்னால் போனார், ஊர்களைத் தாண்டி, ஆற்றுக்கரை மேலே, நெடுந்தூரம். வீட்டைக் கைகாட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார். அவருடைய வேலை இந்தத் திசையிலேயே இல்லை.

இன்று: வழி. காரணம்: வாயால் சொல்லத் தெரியாது.

திரும்பும்போது நடு ரோட்டில் ஒரு கருங்கல். லாரிக்காரர்கள் பழுதானால் டயருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவது. சேகர் இருந்தால் காரை நிறுத்தாமல் விடமாட்டார். இறங்கி, உருட்டி, ஓரத்தில் தள்ளி, கையைத் தட்டிக்கொண்டு வருவார். எத்தனை இடத்தில் எத்தனை கல். "ஊருக்கெல்லாம் நீங்கதான் ரோடு இன்ஸ்பெக்டரா?" என்று கேட்பேன். "பின்னால வர்றவன் பாக்காம ஏறிட்டான்னா?" என்பார். எப்போதும் அதே பதில்.

நான் கல்லைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கீழ்வேளூரில் வாழை இலைக்குச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை வழியாகவும் போகலாம். கிளைச் சாலையில் திருப்பினேன்.

மதகுக்கு முன்னால் சாலையின் அகலத்துக்கு உளுந்து. காய்ந்து கறுத்த செடி, முட்டளவு. நிறுத்தினேன். மெதுவாக ஏறினேன். மறுபடி நிறுத்தினேன். பின்னுக்கு எடுத்தேன். மறுபடி ஏறினேன். கால் பிரேக்கை விடவில்லை. எரிகிற வாடை. மரத்தடியிலிருந்து இரண்டு பெண்கள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்கள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. ஏக்கா, புகையுது. எறங்குங்க மொதல்ல."

முன் சக்கரத்துக்குப் பின்னால் செடி சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது. மூத்தவளுக்கு என் வயது இருக்கும். கருக்கரிவாளோடு மல்லாந்து காருக்கு அடியில் போனாள். இளையவள், அவள் மருமகள், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சுர்ரென்றது.

அடியிலிருந்தே பேச்சு. "சடை பின்னுன மாதிரி சுத்தியிருக்கு. ஏக்கா, உளுந்து மேல ஏறுறதுக்கு இவ்ளோ யோசனையா? ஏறுறதும் நிக்கிறதும், ஏறுறதும் நிக்கிறதும். பொண்ணு புடிக்காத மாப்புள மாதிரி."

"அத்தை, சும்மா இருங்க."

"நீ இருடி. அக்கா ஒண்ணும் கோச்சுக்காது. கோச்சுக்கிட்டா இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்ல."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதற்கு அல்ல. "ரோட்டுல போடுறது தப்பில்லையா?" என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாக இருந்தது.

வெளியே வந்து உட்கார்ந்தாள். தலையெல்லாம் தூசி. "தப்புதான். களத்துல தண்ணித் தொட்டி கட்டிட்டாங்க. ரெண்டு மா நெலத்துக்கு எந்த மெசினு வரும்? அடிக்க ஆளு ஏது? வேற எங்க போடுறது, நீங்களே சொல்லுங்க." பிறகு கையை நீட்டிக் காட்டினாள். "அதான் ஓரமா விட்டிருக்கோம்ல. பாக்கலியா?"

அப்போதுதான் பார்த்தேன். மதகுச் சுவருக்கு எதிர்ப்பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் அகலத்துக்குத் தார் தெரிந்தது. ஒரு மணி இல்லாமல் பெருக்கி, ஓரத்தில் வரிசையாகச் செங்கல். முனையில் குச்சியில் சிவப்புத் துணி.

"எப்பலேருந்து இப்படி?"

"போன வருசத்துலேருந்து. ஒரு சாரு இங்க விழுந்துட்டாரு."

"அத்தை." மருமகளின் கண் மரத்துப் போஸ்டருக்குப் போய் என்னிடம் வந்தது.

கேட்டுவிட்டேன். "அவர் கூட யாராவது இருந்தாங்களா, அப்ப?"

மூத்தவள் அரிவாளில் சுற்றியிருந்த நாரை உருவிக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது. "இருந்தாங்க."

"யாரு?"

"இருந்தாங்கக்கா. அவ்ளோதான்." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீடு வந்து இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இருந்தாங்க. நம்பலாமா? துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் பேச்சுதான் இதுவும். ஆனால் நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அல்லது தெரியுமா?

வாழை இலைக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையில் நாகப்பட்டினம். வாங்கியது: சேகருக்குப் பிடித்த பேரீச்சம்பழம், ஐயருக்கு வேட்டி, கற்பூரம், வாழை இலை, சார்ஜர், உளுத்தம்பருப்பு (லதா சொன்னதில் பாதி அளவுதான் வாங்கியிருக்கிறேன், கவனம் அப்படி). கடல் காற்று கொஞ்சம் இருந்தது. கரைக்குப் போகவில்லை.

திரும்பும்போது மதகில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவர்களும் எழுந்து நின்றார்கள், காத்திருந்த மாதிரி.

மருமகள்தான் முதலில். "காருல காலேஜ் பேரு ஒட்டியிருக்கு. போஸ்டர்ல தஞ்சாவூர்னு போட்டிருக்கு. சாரு உங்க வீட்டுக்காரரா மேடம்?"

தலையசைத்தேன்.

மூத்தவள் சும்மாடுத் துணியைத் தலையிலிருந்து எடுத்தாள். "எங்க உளுந்துதான்க்கா. நாங்க பரப்புனதுதான்." தன் பெயரையும் சொன்னாள், புருஷன் பெயரோடு சேர்த்து, ஆபீஸில் சொல்வது போல. இங்கே எழுதவில்லை.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்:

"ஹெல்மெட்ட கண்ணாடியில மாட்டிக்கிட்டு வந்தாரு. வேகமெல்லாம் இல்ல. சத்தம் கேட்டு ஓடியாந்தோம். மரத்தடிக்குத் தூக்கிட்டு வந்து எம் மடியில தலைய வச்சுக்கிட்டேன். இவதான் போனு போட்டா. தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னுட்டா இவ. முந்தானைய நனைச்சு ஒதட்டுல வச்சேன்."

"பேசினாரா?"

"பேசுனாரு. வண்டிய ஓரமா எடுத்து வைங்கம்மா, பின்னால வர்றவன் பாக்காம விழுந்துருவான்னாரு. இவ நகரலை. மறுக்கா சொன்னாரு. அப்புறம் போயி தூக்கி நிப்பாட்டுனா. அதப் பாத்தாரு. அதோட பேச்சு நின்னுச்சு. மூச்சு இருந்துச்சு."

ஹெல்மெட் விஷயம் எனக்குத் தெரியும். எத்தனை தடவை சண்டை.

வண்டி விஷயம் யாருக்கும் தெரியாது. இட்டுக்கட்ட முடியாத வாக்கியம் அது. இருபத்தைந்து வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டு அலுத்துப்போன வாக்கியம்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். "உங்க பேரச் சொன்னாருன்னு சொல்லிரலாம்தான். சொல்லலைக்கா."

அந்த இடத்தில்தான் அவளை முழுவதுமாக நம்பினேன்.

சைரன் கேட்டதும் சாக்கை மடித்துத் தலைக்கு வைத்துவிட்டு, அதற்குள் மருமகள் வாரிக் கட்டியிருந்த உளுந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்களாம். "பயம். இவ வவுத்துல அப்ப புள்ள. கேஸு கீஸுன்னு வந்தா என்னா பண்ணுறது? அந்தக் கொல்லை மூலையிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன், அவங்க தூக்கி ஏத்துற வரைக்கும்." பிறகு, "இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க எங்க சொன்னாலும் சரிதான். ஒரு வருசமா அந்த மரத்தடியில என்னால கஞ்சி குடிக்க முடியல."

மருமகள் துடைப்பத்தை விடாமல் பிடித்தபடி நின்றாள். புடவைத் தொட்டிலில் குழந்தை, பூவரசில், போஸ்டருக்கு இரண்டு கிளை தள்ளி.

நல்ல வெயில். சாலையில் உளுந்து அப்படியே கிடந்தது. காலையிலிருந்து வண்டியே வரவில்லை என்று மருமகள் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

காரில் ஏறினேன். நிறுத்தாமல் ஒரே சீராக உளுந்து மேல் ஓட்டினேன். கண்ணாடியை இறக்கியிருந்தேன். நெற்று வெடிக்கும் சத்தம், சடசடவென்று, மழை பிடிப்பது போல. அந்த முனையில் திருப்பினேன். மறுபடி. அவர்கள் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட, மறுபடி. எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

மன்னிப்பு என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. சாலையில் போடுவது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். களம் கேட்டு மனு எழுதலாம்; அந்த வேலை எனக்கு வரும்.

கிளம்பும்போது மூத்தவள் ஒரு துணிமூட்டையை முன் இருக்கையில் வைத்தாள். முந்தாநாள் தூற்றியது. வாங்குவதா கூடாதா என்று யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

லதா மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். "புது உளுந்து. எங்கேருந்துக்கா?"

"வழியில குடுத்தாங்க."

"மதகுகிட்டயா?"

மற்ற பைகளை இறக்கி வைத்தேன். நான் வாங்கிவந்த பருப்பு வடைக்குப் போதாது என்றாள் லதா. மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு உடைத்து, ஊற வைத்துவிட்டாள்.

இன்று: உளுந்து. காரணம் எழுதத் தோன்றவில்லை.

மகளிடம் போனில் சொன்னேன், எல்லாவற்றையும். மறுமுனையில் அழுகை. பிறகு, "அப்பா வண்டியைத்தான் சொன்னாரா? நம்மள இல்லையா?" பிறகு அழுகையோடு சிரிப்பு.

ஏப்ரல் 8, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் பம்பு செட்டில் குளியல். ஐயர் சொல்லச் சொல்ல குமார் திருப்பிச் சொன்னார். அண்ணன் பெயர் வரும் இடத்தில் மட்டும் குரல் வரவில்லை. ஐயர் காத்திருந்தார். அவருக்கு இது பழக்கம்.

இலை போட்டுப் படையல். வடை, பாயசம், பேரீச்சம்பழம். காக்கை வந்தது. பசி.

சாப்பிட்டதும் குமார் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார். கையில் சேகரின் கடிகாரம்.

"போனீங்களே அண்ணி, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "தனியா கிடக்கலை குமார். ஒருத்தர் மடியில தலைய வச்சு, தண்ணி நனைச்சு உதட்டுல வச்சிருக்காங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

அவர் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் ஏதாச்சும் சொல்லுச்சா?"

"வண்டிய ஓரமா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கார். பின்னால வர்றவன் விழுந்துருவான்னு."

முதலில் சிரிப்பது போலத்தான் இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. "அதுவேதான். அண்ணன் அதுவேதான்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். தொட்டு ஆறுதல் சொல்லும் வழக்கம் எங்களுக்குள் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "யாரு அண்ணி அது?"

"தெரியாது."

"மடியில வச்சவங்க யாருன்னு தெரியாதா? இதெல்லாம் உங்ககிட்ட யாரு சொன்னா?"

"தெரியாது குமார்."

ஒரு வருடமாக நான் கேட்டுக் கேட்டு வெறுத்த சொல். என் வாயில் சுலபமாகத்தான் வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். வாரைக் கடைசித் துளையில் மாட்ட வேண்டியிருந்தது. இந்த ஒரு வருடத்தில் அவ்வளவு இளைத்திருக்கிறார்.

"மரத்துல கட்டுன போஸ்டர அவுத்துரட்டுமா?" என்றார்.

"அவுத்துருங்க. மரத்தடியில ஆளுங்க உக்காந்து சாப்பிடுவாங்க."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். லதா வடையைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள், ஒன்றல்ல, இரண்டு பொட்டலம். ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசலில் திதிக்கு வந்த யாருடையதோ மோட்டார் சைக்கிள், பாதி சாலையை அடைத்துக்கொண்டு. காரை ஒடித்து எடுத்தால் போய்விடலாம். இறங்கினேன். ஸ்டாண்டை எடுத்து, உருட்டி, ஓரமாக நிறுத்தினேன்.